குழாய் கட்டிய திசை

ராதாபுரம் வட்டாரத்தில் ஒலிபெருக்கியை ஒலிபெருக்கி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. குழாய் என்பார்கள். ஆம்ப்ளிஃபையர், மைக், இசைத்தட்டுப் பெட்டி, பேட்டரி, ஒயர்ச் சுருள் எல்லாம் சேர்ந்த மொத்தச் சாமானுக்கு ரேடியோ செட் என்று பெயர். அதில் ரேடியோ இருக்காது. 1970களின் பிற்பாதியில், கல்லூரியில் தவறிய இரண்டு பாடங்களைத் திரும்ப எழுதக் காத்திருந்த ஒன்றரை வருஷம், நான் ஒரு செட்காரரிடம் கையாளாக இருந்தேன். பனை ஏறிக் குழாய் கட்டுவது என் வேலை. பனை ஏற எங்கள் பக்கத்தில் யாரும் தனியாகக் கற்றுக்கொள்வதில்லை.

செட்காரரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டது. கொடைக்குச் செட் போடப் போனால், வண்டியைவிட்டு இறங்கியதும் அவர் கோயிலைப் பார்க்கமாட்டார், பந்தலைப் பார்க்கமாட்டார். தேரி மண்ணை ஒரு பிடி அள்ளி விரலிடுக்கில் விடுவார். "காத்து எங்கேருந்துல வருது?" என்பார். அவர் கண்ணுக்கு மண் விழும் சாய்வு தெரிந்த பிறகும் என்னிடம் கேட்பார். நான் சொன்னால்தான் மரம் ஏற விடுவார். இந்தக் கட்டுரையை அந்தக் கேள்வியின் சரித்திரம் என்று வைத்துக்கொள்ளலாம். நம் சூழலில் கவிஞனின் குரல், காலத்தின் குரல், மக்களின் குரல் என்று குரலைப் பற்றி ஏராளமாகப் பேசியாயிற்று. அந்தக் குரல்கள் ஸ்தூலமாக எந்தக் குழாய் வழியே, எந்தத் திசையில், யார் காதுக்கு வந்து விழுந்தன என்பதை நாம் விசாரித்ததாகத் தெரியவில்லை.

காற்று எங்கள் ஊரில் சாதாரண விஷயம் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்கிலிருந்து இறங்கும் காற்று வைகாசியில் தொடங்கிப் புரட்டாசிவரை ஓயாது. பின்னாளில் முப்பந்தலிலும் பணகுடியிலும் ராதாபுரத்திலும் காற்றாலைகள் முளைத்தது இந்தக் காற்றை நம்பித்தான். வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கோடை என்று பழந்தமிழில் நான்கு காற்றுக்கும் பெயர் உண்டு. கோடைக் காற்றில் கொடை விழா என்று அண்ணாச்சியிடம் ஒருமுறை சிலேடையாகச் சொல்லிப் பார்த்தேன். ஒயரைப் பிடி என்றார்.

குழாய் வருவதற்கு முன்னால் இந்தப் பிரதேசத்தில் சப்தத்தைத் தூரத்துக்கு அனுப்பும் யோசனை இருந்திருக்கிறது. கட்டபொம்மன் திருச்செந்தூரில் உச்சிக்கால பூஜை முடிந்த பிறகுதான் சாப்பிடுவான் என்றும், அது முடிந்த செய்தி பாஞ்சாலங்குறிச்சிக்குத் தெரிய வழிநெடுக மண்டபங்கள் கட்டி மணி வைத்திருந்தான் என்றும் வழக்கு. ஒரு மண்டபத்தின் மணியைக் கேட்டு அடுத்த மண்டபத்து ஆள் தன் மணியை அடிப்பான். தூரம் சுமார் 60 கிலோமீட்டர். தடையில்லாமல் போனால் சப்தம் இந்தத் தூரத்தை மூன்று நிமிஷத்துக்குள் கடந்துவிடும். ஆனால் எவ்வளவு பெரிய மணியை அடித்தாலும் அது போய்ச் சேராது. ஆகவே ஒரே பெரிய மணிக்குப் பதிலாகச் சிறு மணிகளின் வரிசை. இன்றைய ஒலியமைப்பு இஞ்சினியர்கள் நீண்ட மைதானத்தில் இடைவெளி விட்டு ஸ்பீக்கர் கோபுரங்களை நிறுத்துவதன் தத்துவமும் இதுவே. இந்த வழக்கு எந்த அளவு சரித்திரம், எந்த அளவு கதை என்பது எனக்கு இங்கே முக்கியமில்லை. கதையாகவே இருந்தாலும் அதைக் கட்டியவனுக்குச் சப்தம் எப்படித் தேயும் என்று தெரிந்திருக்கிறது. இடையன்குடியில் கால்டுவெல் கட்டி 1880இல் பிரதிஷ்டையான திரித்துவ ஆலயத்தின் மணியும் பனங்காட்டு வெளியில் இப்படித்தான் ஒரு வட்டம் போட்டது. மணி கேட்கும் தூரம் சபையின் எல்லை.

மனிதக் குரலின் வட்டம் இன்னும் சிறியது. 1739இல் பிலடெல்பியாவில் வைட்ஃபீல்டு என்ற பாதிரியார் தெருவில் நின்று பிரசங்கம் செய்தபோது, கூட்டத்திலிருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் குரல் தேயும் இடம்வரை பின்னோக்கி நடந்து பார்த்தார். அந்தத் தூரத்தை ஆரமாக வைத்து அரைவட்டம் போட்டு, ஆளுக்கு இரண்டு சதுர அடி கொடுத்து, முப்பதாயிரம் பேருக்கு மேல் கேட்கலாம் என்று கணக்கிட்டார். கணக்கைத் திருப்பிப் போட்டால் ஆரம் சுமார் 60 மீட்டர் வருகிறது. இதை வைத்துக்கொண்டு 1908 மார்ச் மாதம் தாமிரபரணிக் கரையில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசிய கூட்டங்களை நினைத்துப் பார்க்கிறேன். கலெக்டர் ஊரைவிட்டுப் போகச் சொல்லியும் கேட்காமல் பேசினார்கள். மைக் கிடையாது. கேட்க வேண்டியவன் நெருங்கி வந்தே ஆகவேண்டும். அப்படி நெருங்கி நின்று கேட்டவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு. அவர்களுடைய குறிப்புகள்தான் பின்னால் வழக்கில் சாட்சியமாயின. அந்தக் கூட்டத்தில் நின்றவன் ஒவ்வொருவனும் நிற்பதென்று தீர்மானித்து நின்றவன். மார்ச் 13ஆம் தேதி திருநெல்வேலி கொந்தளித்தபோது சுட்டுக் கொல்லப்பட்டவர்களையும் சேர்த்து யோசித்தால், அன்று கேட்பது என்பது உடம்பைக் கொண்டுபோய் நிறுத்தும் காரியம்.

குழாய் இந்த உறவைத் துண்டித்தது. அமெரிக்காவில் ஜென்சனும் பிரிடாமும் 1915 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சான்ஃபிரான்சிஸ்கோ நகர மன்றத்தின் முன் திரண்ட கூட்டத்துக்குத் தங்கள் கருவியைக் காட்டினார்கள். மேக்னவாக்ஸ் என்று அதற்குப் பெயர். லத்தீனில் பெருங்குரல் என்று பொருள். 1919இல் சான்டியேகோ மைதானத்தில் ஜனாதிபதி வில்சன் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று சுமார் ஐம்பதாயிரம் பேருக்குப் பேசினார். கண்ணாடிக்கு உள்ளே பேசுபவன், வெளியே கேட்பவன். இதைவிடப் பொருத்தமான படிமத்தை எந்தக் கவிஞனும் யோசித்திருக்க முடியாது. நம் நாட்டில் 1931 கராச்சி காங்கிரஸில் நானிக் மோட்வானியின் சிகாகோ ரேடியோ கம்பெனி ஒலிபெருக்கி வைத்தது. காந்தியும் நேருவும் நிற்கும் பழைய புகைப்படங்களில் மைக்கின் மேல் சிகாகோ என்று எழுதியிருப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். பெயர்தான் சிகாகோ. கம்பெனி சிந்து மாகாணத்துக்காரர்களுடையது. பிற்பாடு டில்லியில் 1940இல் தொடங்கிய அஹூஜா, சின்ன ஊர்ச் செட்காரர்கள் வாங்கக்கூடிய சாமானைச் செய்தது. எங்கள் ஊர் மரங்களில் தொங்கியவற்றில் பெரும்பாலானவை அதுதான்.

கிராமத்தில் முதலில் வந்தது பஞ்சாயத்து ரேடியோ. கட்டடத்தின் மேல் ஒரு குழாய், சாயங்காலம் மாநிலச் செய்தி, வேளாண்மை நிகழ்ச்சி. 1963இல் திருநெல்வேலி நிலையம் வந்த பின்னும், கடலோரம் ஆனதால், எங்களுக்கு இலங்கை வானொலிதான் துல்லியமாகக் கேட்கும். கேட்க வேண்டியவர்கள் கட்டடத்தின் முன்னால் வந்து மணலில் உட்கார்ந்தார்கள். குழாய் ஒன்று, ஆம்ப்ளிஃபையர் சிறியது. அந்த அளவில் ஒன்றும் கெடவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

இனி அண்ணாச்சியின் வித்தை. எதிர்க்காற்றில் சப்தம் போகாது என்பது எல்லோருக்கும் தெரியும். காற்று அதைப் பிடித்துத் தள்ளுகிறது என்பார்கள். சரியில்லை. சப்தம் வினாடிக்கு சுமார் 345 மீட்டர் போகிறது. ஆடிக் காற்று எவ்வளவு அடித்தாலும் வினாடிக்குப் பத்துப் பதினைந்து மீட்டர். இதனால் அதைத் தள்ளி நிறுத்த முடியாது. தரையை உராய்ந்து வரும் காற்று மெதுவாகவும் மேலே உள்ளது வேகமாகவும் வீசுகிறது. காற்றை எதிர்த்துப் போகும் அலையின் மேல்பாகம் பின்தங்குகிறது. அலை முழுவதும் வானத்தைப் பார்த்து வளைந்து, கேட்பவன் தலைக்கு மேலே போய்விடுகிறது. காற்றோடு போகும் சப்தம் இதற்கு நேர்மாறாகத் தரையை நோக்கிக் குனிகிறது. பகலில் கொதிக்கும் தேரி மணலும் சப்தத்தை மேலே வளைக்கும், ராத்திரி குளிர்ந்த தரை கீழே இழுக்கும். மத்தியானம் பக்கத்து ஊருக்குக் கேட்காத அதே குழாய், நடுச்சாமத்தில் மூன்று ஊருக்குக் கேட்பதற்குக் காரணம் நிசப்தம் மாத்திரம் அல்ல.

ஆகவே அண்ணாச்சியின் விதி: கூட்டத்துக்கு மேற்கே கட்டி, கிழக்கே பார்க்க வை. உயரம் இரண்டு ஆள் போதும். வாயைக் கொஞ்சம் கீழே சாய். "கடைசியில உக்காந்திருக்கான் பாரு, அவன் தலையப் பாத்துக் கட்டு." ஒன்று போதாவிட்டால் சத்தத்தைக் கூட்டக் கூடாது, பாதித் தூரத்தில் இன்னொன்று கட்ட வேண்டும். இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. புத்தகம் சொல்வதும் இதுதான். சாதாரணக் குழாய் ஒன்று ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 105 டெசிபல் தரும். முப்பது வாட் கொடுத்தால் 120. தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் 6 குறையும். நூறு மீட்டரில் 80, இருநூறில் 74. சக்தியை இருமடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான், அது காதுக்கு அநேகமாகத் தெரியாது. கடைசி ஆளுக்குக் கேட்கவேண்டும் என்று கூட்டிக்கொண்டே போனால் முன்வரிசையில் இருப்பவன் செவிடாவான், கடைசி ஆளுக்கு இரைச்சல் மட்டும் கூடும். பலவீனமான குழாய்கள் பல, கேட்பவனுக்குப் பக்கத்தில். கட்டபொம்மன் மண்டபங்கள்.

ஆனால் கமிட்டிகளுக்கு இது பிடிக்காது. அவர்களுக்குப் பனையின் உச்சி வேண்டும், நாலு திசைக்கும் நாலு வேண்டும், போன வருஷத்தைவிட இரண்டு கூட வேண்டும். பந்தலில் ஐம்பது பேர்கூட இருக்கமாட்டார்கள். கூட்டத்துக்குக் கட்டுவது ஒன்று, ஊருக்குக் கட்டுவது ஒன்று என்று அண்ணாச்சி இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். வாடகை இரண்டாவதற்குத்தான் அதிகம். கணக்குப் பார்த்தால் அந்த முப்பது வாட் குழாய், மரமும் சுவரும் காற்றும் எதையும் விழுங்காவிட்டால், ஐந்தரை கிலோமீட்டர் தள்ளியும் 45 டெசிபல் கொடுக்கும். நிஜத்தில் அவ்வளவு போகாது. பாதி போனால்கூட அதற்குள் எத்தனை வீடுகள்.

இந்த இரண்டாவது வகைக் கட்டுதல் நம் மொழியையும் விட்டுவைக்கவில்லை என்பது என் ஊகம். ஒரே ஒயரில் தெரு நெடுகக் கட்டிய குழாய்கள் எல்லாம் ஒரே கணத்தில் பேசும். இருநூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு குழாய். ஒன்றுக்குப் பத்து மீட்டர் பக்கத்தில் நிற்பவனுக்கு மற்றது அரை வினாடி கழித்து வந்து சேரும். அரை வினாடி என்றால் இரண்டு மூன்று அசை. ஒவ்வொரு வார்த்தையும் முந்தின வார்த்தையின் எதிரொலி மேல் ஏறி நிற்கும். அந்தச் சூழலில் எந்தத் தமிழ் பிழைக்கும்? எதுகையும் மோனையும் அடுக்கும் கொண்ட தமிழ். ஒரு சொல் போனாலும் அடுத்த சொல்லை வைத்து ஊகித்துக்கொள்ளலாம். இழுத்துப் பேச இடம் கொடுக்கும் தமிழ். மேடைத் தமிழைப் பண்பாட்டு மறுமலர்ச்சி என்று கொண்டாடியவர்களும் வெறும் ஆரவாரம் என்று ஒதுக்கியவர்களும் (நான் இரண்டாம் கட்சியில் இருந்தவன்) குழாயின் பங்கை யோசிக்கவில்லை. கவியரங்கத்தில் ஒரு வரியை இரண்டு முறை சொல்வது கைதட்டலுக்காக என்று கேலி செய்திருக்கிறோம். முதல் தடவை எதிரொலியில் சிதைந்துவிடுகிறது, இரண்டாம் தடவையில்தான் மைதானத்தின் கோடியில் இருப்பவனுக்கு வரி கிடைக்கிறது. தந்திரம் பிற்பாடு பழக்கமானது, பழக்கம் பிற்பாடு கவிதை என்று அச்சாகவும் செய்தது. 1959இல் வந்த 'எழுத்து' வளர்த்த புதுக்கவிதையை, குழாய்க்கு எட்டாத தூரத்தில் இருந்து பேச முயன்றது என்றும் வாசிக்கலாம். அது தாளில், ஒருவனுக்கு, ஒரே தடவை சொல்லியது.

வில்லுப்பாட்டு இழந்தது வேறு. வில்லில் கட்டிய மணிகள், வீசுகோல், உடுக்கை, குடம், வலத்தே பாடுபவர்கள், இடத்தே பாடுபவர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் பாட்டின் அடியில் குடத்தின் தும் தும் என்ற நாதம் நெஞ்சில் இடிக்கும். குழாய் தாழ்ந்த ஸ்தாயியை விழுங்கிவிடும் கருவி. சுமார் 300 அதிர்வுக்குக் கீழே அதில் அநேகமாக ஒன்றும் வராது. ஆகவே குழாயில் கேட்டவர்கள் கேட்டது குடம் இல்லாத வில்லுப்பாட்டு. மைக் ஒன்றே ஒன்று, அதுவும் வலத்தே பாடும் அண்ணாவிக்கு முன்னால். இடத்தே பாடுபவர்களின் பதில் குரல் தூரத்தில் கேட்காது. கேள்வியும் பதிலுமாக நடந்த கலை, தூரத்திலிருந்து கேட்பவனுக்கு ஒற்றை ஆளின் கத்தலாகப் போய்ச் சேர்ந்தது. நாதஸ்வரம் திறந்தவெளிக்கென்றே பிறந்த வாத்தியம், அதற்குக் குழாயே தேவையில்லை. கல்யாணவீட்டில் நாதஸ்வரக்காரர் வந்து உட்கார்ந்திருப்பார். வாசலில் குழாயில் 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்துக் காருகுறிச்சி அருணாசலம் வாசித்துக்கொண்டிருப்பார். நேரில் இருப்பவர் தன் முறைக்குக் காத்திருப்பார். அந்தத் தட்டை எடுத்துவிடச் சொல்லி ஒரு வித்வான் என்னிடம் கண்ணால் கெஞ்சியது நினைவிருக்கிறது.

சட்டம் நிதானமாக வந்தது. 2000 பிப்ரவரியில் மத்திய அரசு ஒலி மாசு விதிகளைப் பிறப்பித்தது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ராத்திரி பத்து முதல் காலை ஆறு மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அதே வருஷம் ஆகஸ்டில், சென்னையில் ஒரு ஜெபக்கூடமும் பக்கத்துக் குடியிருப்போரும் சம்பந்தப்பட்ட வழக்கில், அடுத்தவரைத் தொந்தரவு செய்து பிரார்த்திக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்ற கருத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005 ஜூலையில் இன்னும் விரிவான தீர்ப்பு. விழாக்களுக்காக வருஷத்துக்குப் பதினைந்து நாள் நடுராத்திரிவரை மாநில அரசு தளர்த்தலாம் என்ற விலக்கும் இருக்கிறது. சுடலைமாடனுக்குச் சாமக்கொடை தொடங்குவதே அந்த நேரத்தில்தான் என்பதை விதி எழுதியவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. விதி சத்தத்தின் அளவைச் சொல்கிறது, நேரத்தைச் சொல்கிறது. குழாயின் வாய் எந்தத் தெருவைப் பார்க்கிறது என்று கேட்க அதில் ஒரு கட்டம் இல்லை.

அதை நான் அறிவேன். கட்டியது என் கை. ஊர்ப் பெயர் வேண்டாம். மூன்று நாள் கொடை. காற்று மேற்கிலிருந்து. நாலாவது குழாயை வடக்கே, ஓடைக்கு அந்தப்பக்கம் இருந்த தெருவைப் பார்க்கக் கட்டச் சொன்னார்கள். அந்தத் தெருக்காரர்களுக்குக் கொடையில் வரி கிடையாது, பந்தலில் இடம் கிடையாது. அண்ணாச்சி, காத்துக்கு அது நிக்காது, கிழக்க வைப்போம் என்று காற்றின் மேல் பழியைப் போட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. முந்தின மாதம் அந்தத் தெருவோடு குளத்து மீன் விஷயமாக ஏதோ தகராறு என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அங்கிருந்து ஒரு பெரியவர் வந்தார். பந்தலுக்குள் வரவில்லை. ஆம்ப்ளிஃபையர் வைத்திருந்த வண்டியின் பின்பக்கம் வந்து நின்றார். எனக்குப் பத்தொன்பது வயது. என்னை ஐயா என்றார். மகளுக்கு வலி கண்டிருக்கிறது, மருத்துவச்சி சொல்வது பிள்ளைக்குக் கேட்கவில்லை, அந்த ஒரு குழாயை மட்டும் கொஞ்சம் திருப்பி வைத்தால் போதும் என்றார். நிறுத்தச் சொல்லவில்லை. அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். கமிட்டிக்காரர்களைக் கேளுங்கள் என்றேன். அவர்களை அவர் கேட்க முடியாது என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். சரி ஐயா என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அடுத்த தட்டைப் போட்டேன்.

மறுநாள் குழாயை இறக்கும்போது கவனித்தேன். கிளாம்பைத் தென்னங்கயிற்றால் இரண்டு சுற்றுத்தான் சுற்றியிருந்தேன், முடிச்சுக்கூட ஒற்றை முடிச்சு. பனை உயரமும் இல்லை. ஏறி இறங்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.